நடுத்தாளை மடித்தவள்

அவைத்தலைமை ஏற்று, "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்கக்கா" என்று என் காதில் அன்போடு எச்சரித்து அமர்ந்திருக்கும் தயாரிப்பாளர் அவர்களே! இருபத்து நான்கே பக்கங்களில் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட கதாசிரியர் அவர்களே! அந்தக் கதைக்குக் கையும் கொடுத்து, காலும் கொடுத்து, கண்ணைப் பறிக்கும் சிறகும் கொடுத்த ஓவியர் அவர்களே! இந்த இருவரையும் ஒரே மேடையில், அதுவும் அடுத்தடுத்த நாற்காலியில் அமரவைத்த அசகாய சூரி, இயக்குநர் தங்கையே! ஆன்றோரே, அன்னையரே, என்னோடு அச்சகத்தில் உழைத்த அருமைத் தோழியரே, படத்தை எப்போதடா போடுவார்கள் என்று பாப்கார்ன் பொட்டலத்தோடு பொறுமை காக்கும் பொடிசுகளே! அனைவருக்கும் மடிப்பக்காவின் வணக்கம்.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் தாள் மடித்தவள் நான். மடிப்பக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினாறு வருடம் செயலாளராக இருந்ததால் ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குப் பயம் கிடையாது. ஒலிவாங்கிக்குத்தான் என்னைக் கண்டால் பயம்.

பேச்சுக்கு முன்னால் ஒரு விண்ணப்பம். நான் ஒரு தவறு செய்தவள். செய்துவிட்டு இருபத்தாறு வருடம் வாய் திறக்காமல் இருந்தவள். என்ன தவறு என்று இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே என்னை மன்னிக்க முடியுமா? முடியும் என்பவர்கள் கை தட்டுங்கள், பார்ப்போம்.

அடேயப்பா, தாராள மனசுதான். ஆனால் மூன்றாவது வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்கார அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னண்ணே? "விஷயத்தைச் சொல்லாம எப்படி மன்னிக்கிறது" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கட்டிய கையைக் கட்டியபடியே வைத்திருங்கள். கடைசியில் உங்களிடம் வருகிறேன்.

செஞ்சிறகனை அறியாதவர் இந்த அரங்கில் உண்டா? பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருக்கும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சிறகன் என்பவன் சிவந்த சிறகோடு நகரத்தைக் காக்கும் சித்திரக்கதை நாயகன். அவனுடைய கதைகளிலேயே தலைசிறந்தது, இன்று அனிமேஷன் படமாகியிருக்கும் 'பாலம் இடிந்த நாள்'. பாலத்தின் காவலாளி செஞ்சிறகனின் தம்பி. பாலம் இடிகிறது. தம்பி வெள்ளத்தைத் தடுக்கும் மதகுக் கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போனதால்தான் இடிந்தது என்று ஊரே சொல்கிறது. அண்ணன் தேடிப் போகிறான். கொட்டும் மழையில் தம்பியைப் பிடித்துவிடுகிறான்.

அடுத்து என்ன? அடிப்பானா? இழுத்துப்போவானா? ஊர் முன்னால் நிறுத்துவானா? அங்கேதானே நீங்கள் எல்லோரும் அழுதீர்கள்! ஓங்கிய கையை இறக்கி, இரண்டு சிறகாலும் தம்பியைப் போர்த்தி, "வீட்டுக்கு வா" என்கிறான். அதற்குப் பிறகுதான் ஒரு லாரி ஓட்டுநர் வந்து, தம்பி ஓடவே இல்லை, கடைசி வண்டி கடக்கும்வரை கதவைத் தோளில் தாங்கி நின்றான் என்ற உண்மையைச் சொல்கிறார். முதலில் மன்னிப்பு, பிறகு உண்மை. இந்த வரிசைக்காகவே வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பதிப்பகத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

அந்த வரிசையைக் கதாசிரியர் எழுதவில்லை. ஓவியர் வரையவில்லை. தாய்மார்களே, அதைச் செய்தது இந்தக் கைதான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? இருபத்து நான்கு பக்கப் புத்தகம் என்றால் ஆறு தாள். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, முதுகில் பின் அடித்தால் புத்தகம். தலைமை மடிப்புக்காரி ஒரு தாளை முதலில் மடித்துக் கயிற்றில் தொங்கவிடுவாள். அதற்கு மாதிரி என்று பெயர். மற்ற ஒன்பது பெண்களும் அதைப் பார்த்து மடிப்பார்கள். யாரும் படிக்க மாட்டோம். படித்தால் கை நிற்கும், கை நின்றால் மேற்பார்வையாளர் வருவார்.

அன்றைக்கு நடுத்தாள் வந்தது. நாலு பக்கம். பக்க எண் போட்டால் படத்தின் அழகு கெடும் என்று நம் ஓவியர் எண்ணே போடவிடமாட்டார். கெட்டுப்போகாமல் அழகாகத்தான் இருந்தது. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்றுதான் விளங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலைமை மடிப்புக்காரி நான் போய்க் கேட்பதா என்று ஒரு கவுரவம். உள்ளே போக வேண்டியதை வெளியே வைத்து மடித்துக் கயிற்றில் மாட்டினேன். நாலு பக்கத் தாளைப் புரட்டி மடித்தால் என்ன ஆகும்? பின்னிரண்டு பக்கம் முன்னால் வரும், முன்னிரண்டு பக்கம் பின்னால் போகும். உண்மையைச் சொல்லும் இரண்டு பக்கம் பின்னால் போயிற்று. அதோ அமர்ந்திருக்கிற என் தோழிகள் ஒன்பது பேர் மீது ஒரு பழியும் இல்லை. அவர்கள் மாதிரியைப் பார்த்து மடித்தார்கள்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் மேசையில் ஓவியரின் மூலப் படங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் புத்தகம் கடைக்குப் போய்விட்டது, ஊர் கொண்டாடுகிறது, முதலாளி சிரிக்கிறார். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? கதாசிரியரின் தங்கையைத்தான் ஓவியர் கட்டியிருக்கிறார். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்த கதை அது. தன் கதையை மாப்பிள்ளை புரட்டிவிட்டார் என்று இவர் நினைத்தார். மச்சான் தன்னிடம் சொல்லாமலே மாற்றிவிட்டார் என்று அவர் நினைத்தார். நீயா மாற்றினாய் என்று யார் யாரைக் கேட்டார்? கேட்டால் கவுரவம் என்னாவது? அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கணவர் வரமாட்டார், தன் வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் வரமாட்டார். இரண்டு வீட்டுக்கும் தனியாகவே போய்த் தனியாகவே திரும்பிய அந்தத் தங்கை, இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது என்றால் பாதி பொய். பேசிக்கொள்வதில்லை என்று காதில் விழுந்தது. ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இயக்குநர் தங்கை என்னைத் தேடி வந்தது. முதல் பதிப்பின் வண்ணத்தைப் பார்க்க வேண்டும், பதிப்பகத்திலேயே பிரதி இல்லை, உங்களிடம் ஒன்று இருக்கிறதாமே என்றது. கொண்டுபோனேன். போனால் அங்கே கதாசிரியர் மேசையின் இந்தக் கோடியில், ஓவியர் அந்தக் கோடியில். நடுவில் ஆளில்லாத ஆறு நாற்காலி. சுவர் முழுக்க, படத்தின் ஒவ்வொரு காட்சியையும் சின்னச் சின்ன ஓவியமாக வரைந்து வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள்.

கதாசிரியர் எழுந்து போய், மழைக் காட்சியைப் பிடுங்கி, லாரி ஓட்டுநருக்குப் பின்னால் குத்தினார். தான் எழுதியது இதுதான், முதலில் உண்மை, பிறகு மன்னிப்பு, புத்தகத்தில் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கலாம், படத்தில் முன்னால் வந்தது முன்னால்தான், ஆகவே படத்திலாவது சரியாக வரவேண்டும் என்றார். மாற்றியது யாரென்று அவரையே கேளுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எழுதியவர் மாற்றிவிட்டு வரைந்தவன் மேல் பழி போடுகிறார் என்று ஓவியர் சன்னலைப் பார்த்துச் சொன்னார். நடுவில் நின்ற இயக்குநர் தங்கைக்கு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். முடிவாகக் கதாசிரியர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாற்பது பேர் ஒன்றரை வருடம் வரைந்தது அந்தச் சுவரில் இருந்தது. தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது ஓவியர் எழுந்தார்.

"மச்சான், நில்லுங்க. மாத்தினது நீங்களாவே இருக்கட்டும். நான் விட்டுட்டேன். இந்தப் பொண்ணு படத்தை நிறுத்தாதீங்க."

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து மச்சான் என்ற சொல் வந்தது. அவருக்கு அப்போது என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. குற்றம் எதிரே நிற்பவருடையது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கொண்டே விட்டுக்கொடுத்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிவிட்டது. உண்மை தெரியாதவர் வாய் திறந்துவிட்டார். உண்மை தெரிந்தவள் நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் அடுக்குமா?

"அய்யா, மாத்தினது இவரும் இல்ல, நீங்களும் இல்ல. நான்தான்" என்றேன்.

என் பிரதியின் பின்னைக் கழற்றி, நடுத்தாளை எடுத்து, மேசைமேல் புரட்டி மடித்துக் காட்டினேன். கதாசிரியர் கதவிலிருந்து திரும்பி வந்தார். தாளை வாங்கினார். விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "இருபத்தாறு வருஷம்மா" என்றார்.

பிறகு சுவரிடம் போனார். தான் குத்திய படங்களைத் தானே பிடுங்கி, அச்சில் வந்த வரிசையிலேயே திரும்பக் குத்தினார்.

"தப்பில்லைன்னு தெரிஞ்சப்புறம் மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? மாப்பிள்ளை ஒண்ணும் தெரியாமத்தான் எனக்கு விட்டுக்கொடுத்தாரு. நடந்தபடியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் பழைய கோடிக்குப் போகாமல், ஓவியருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையெழுத்தும் போட்டார். பெருமக்களே, இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் படம் அந்தக் கையெழுத்தால் வந்த படம்! ஒரு கவுரவம் தாளைப் புரட்டியது, இரண்டு கவுரவம் குடும்பத்தைப் பிரித்தது, ஒரே ஒரு மனிதர் கவுரவம் பார்க்காமல் எழுந்து நின்றதால் எல்லாம் சேர்ந்தது!

என் கணக்கு மட்டும் பாக்கி. அன்று படியிறங்கும்போது கதாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை வாசகர்கள் முன்னால் மேடையில் நீங்களே சொல்லுங்கள், அப்புறம் பார்ப்போம் என்றார். சொல்லிவிட்டேன் அய்யா. இரண்டு வருடமாக உங்களுக்குப் பாக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்துவிட்டேன்.

கட்டம் போட்ட சட்டைக்கார அண்ணே, உங்களிடம் வருகிறேன் என்றேன் அல்லவா? இப்போது எல்லாம் தெரியும். இனி நீங்கள் தட்டினால் அது தீர்ப்பு, தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். முதலிலேயே தட்டியவர்களுக்குத்தான் நான் கடன்பட்டவள். இல்லை, இல்லை, கையைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை அண்ணே.

எனக்குப் பின்னால், மேடையிலிருந்து ஒருவர் தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு நாற்காலியில் எந்த நாற்காலி என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கப்போவதில்லை. யாரென்று பார்க்காமலே நன்றி சொல்லி, விளக்கை அணைக்கக் காத்திருப்பவருக்கு வழிவிட்டு, உங்கள் அனைவரையும் வணங்கி இறங்குகிறேன். வணக்கம்.