தேநீருக்கு மறுநாள்

மேடையில் இருக்கும் மருத்துவமனைப் பெரியவர்களுக்கும், இந்தக் காற்றிலும் சின்னத் தீவுகளிலிருந்து படகேறி வந்தவர்களுக்கும், முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் இருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

டாக்டர் தோரா இஸ்பிஸ்டர் அமைதியாக இறந்தார் என்று எனக்கு முன் பேசியவர் சொன்னார். இல்லை. படுக்கைப்புண்ணில் சீழ் வைத்து, முனகி இறந்தார். அவரோடு வேலை பார்த்த நான்தான் பக்கத்தில் இருந்தேன். மறைப்பதை வெறுத்தவரைப் பற்றி மறைத்துப் பேசலாமா?

ஸ்காட்லாந்தின் வடகோடியில், நம் ஆர்க்னித் தீவுகளில், நரம்புகளை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லா வீட்டுக்கும் தெரிந்த நோய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவால்ல" என்போம். நழுவும் சோப்பு, நனைந்த பாவாடை, மதியத்திலேயே அணைந்துபோகும் உடல், தொட்டால் எரிவதால் கணவனை விட்டுத் தள்ளிப் படுப்பது. எந்த ஸ்கேனிலும் தெரியாத இவற்றை அளக்கத்தான் டாக்டர் தோரா கேள்விகளை உருவாக்கினார். இரக்கமே இல்லாமல் கேட்பார்: "பரவால்லன்னா என்னம்மா அர்த்தம்? பாத்ரூம் போய்ச் சேந்தியா, வழியிலயே போயிடுச்சா?"

பிறகு அவருக்கே அந்த நோய் வந்தது. நடக்க முடியாதவர் என்று அரசு கொடுத்த காரை அவர் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, உதவித்தொகை அதிகாரி வீட்டுக்கு வந்தார். டாக்டர் என்ன செய்தார்? எழுந்தார். சுவரைப் பிடிக்காமல் நடந்தார். தேநீர் போட்டு, பார்லி ரொட்டியும் சீஸும் வைத்தார்.

"எதுக்கு டாக்டர் சிரமம்?"

"இதுல என்ன சிரமம், சாப்பிடுங்க."

அதிகாரி சாப்பிட்டார். நன்றாக நடக்கிறார் என்று எழுதினார். கார் போயிற்று.

தேநீருக்கு மறுநாள் டாக்டரால் ஸ்பூனைத் தூக்க முடியவில்லை. ஊட்டிக்கொண்டே திட்டினேன்.

"ஊருக்கெல்லாம் மறைக்காதேன்னுட்டு, நீங்க எதுக்கு எழுந்தீங்க?"

"வந்தவன் முன்னாடி படுத்துக் கெடப்பாங்களாடி?" என்றார். பிறகு, "தப்பு நம்ம கேள்வியிலயும் இருக்கு. முடிஞ்சுதான்னு கேக்கறோம். மறுநாள் என்ன ஆச்சுன்னு கேக்கல."

கார் இல்லாத குளிர்காலம் அவரைக் கட்டிலில் தள்ளியது. புண் அங்கேதான் வந்தது.

மறுநாள் பற்றிய அந்தக் கேள்வியையும் சேர்க்கச் சொன்னோம்; உதவித்தொகை அலுவலகம் ஏற்கவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு நாள் அனுப்ப ஆள் இல்லையாம். மலர்வளையத்தோடு அனுப்ப ஆள் இருந்திருக்கிறது. அதே அதிகாரி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வந்ததற்கு நன்றி, ஐயா.

வரும் வியாழன், இதே நோயுள்ள எப்பி ரெண்டால் வீட்டுக்கு இவர் சோதிக்க வருகிறார். எப்பி அக்கா, உங்களாலும் எழாமல் இருக்க முடியாது. எழுங்கள். வெள்ளிக்கிழமை காலையும் இவரை உங்கள் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவேன். டாக்டர் தோராவுக்கு நான் தரும் வாக்கு இது. இவர் வர மறுத்தால், உங்களைக் கட்டிலோடு தூக்கிப்போய் இவர் மேசை முன் வைப்போம்.

தூக்க வருகிறவர்கள் கை உயர்த்துங்கள். உயர்த்த முடியாதவர்கள் வாயால் சொன்னால் போதும்.