பதிமூன்று டிகிரியில் திரும்பிய நூல்

கோடு கொஞ்சம் கோணினாலும் எனக்குப் பொறுக்காது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவேன். நீங்கள் என்னை விசாரிக்கும் இந்த அறையிலும் நாட்காட்டி சாய்ந்துதான் தொங்குகிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

சிறிய விமானங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட, எட்டு மாதம் மாடாய் உழைத்துக் கற்றுக்கொண்டேன். கணக்கு சரிதானா என்று பார்க்க, காற்றை வேகமாக ஊதும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி இறக்கையை வைத்து அளந்ததோடு ஒப்பிட வேண்டும். அங்கே அளப்பவள் என் அக்கா. சிறு வயதிலிருந்தே வீட்டில் எதிலும் அவள் சொன்னதுதான் சரி. அது எனக்குப் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இறக்கையின் முன்விளிம்பைத் தூக்கத் தூக்க விமானம் மேலெழும். ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டு விலகிவிடும், விமானம் விழும். என் கணக்கில் அந்த அளவு பதினாறு டிகிரி. அக்கா இறக்கை முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிக் காற்றை விட்டாள். காற்று விலகும் இடத்தில் நூல் திரும்பிக்கொள்ளும்.

"பதிமூணுலயே நூலெல்லாம் எதிர்ப்பக்கமா திரும்பிடுதுடா. உன் கணக்க மறுபடி பாரு" என்றாள்.

பன்னிரண்டு வரை இரண்டு பேருக்கும் ஒரே விடை. வரைபடத்தைப் பன்னிரண்டோடு வெட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். பதினாறை அடுத்த பக்கத்து அட்டவணையில் வைத்தேன். அக்காவின் கடைசிப் புள்ளிகள் அளவுப் பிழையாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போட்டேன். 'இருக்கலாம்' என்பது பொய்யில்லை.

அறிக்கையைப் படித்த அக்கா, மறுபடி பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவள் தன்னையே சந்தேகப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

சோதனை விமானி அக்காவின் கணவர். கிளம்பும் முன் என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், மூக்கத் தூக்கி மெதுவா இறக்கிப் பாக்கணும். பதினாலு வரைக்கும் தாங்குமில்ல?"

"தாராளமா தாங்கும், மாமா."

ஓடுபாதையின் முனையில் விமானத்தோடு விழுந்து இறந்தார். அக்கா என் தோளில் சாய்ந்து, "நூலு சொன்னத விட்டுட்டு உன் கணக்க நம்பிட்டேன். என் தப்புதான்டா" என்று அழுதாள். இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்று தேற்றினேன்.

மறுபடி பார்த்தேன் என்று அவளிடம் சொன்னது உண்மை. காற்று ஓடும் இடத்தைக் கணினி சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். கட்டங்களை இன்னும் பொடியாக்கி ஓட்டினேன். விடை பதிமூன்று. கோடு அவள் புள்ளிகள்மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒரே ஒருமுறை அவள் சொன்னது தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தக் கோப்பை அழித்தேன்.

மாமா பறப்பதற்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.