தண்ணிய வடிச்சிட்டு

...இல்லக்கா, நான் கேக்குறேன், ஃபில்டர் மூடியத் திறங்கன்னு சொன்ன அந்த மகராசன், ‘மொதல்ல தண்ணிய வடிச்சிடுங்க’ன்னு ரெண்டு வார்த்த சேத்துச் சொல்ல வேணாமா? வாஷிங் மெஷினுக்குள்ள ஒரு டிரம் தண்ணி நிக்குது! திறந்தா கொட்டாம கைகட்டி நிக்குமா? பாருங்க, கூடம் வரைக்கும் வந்திருச்சு. கீழ்வீட்டுக்காரர் குடையோட மேல வரப்போறாரு... காலத் தூக்கி வெச்சுக்கங்க.

என்னது, ஆன்லைன் குழுவுல கேட்டீங்களா? சரியாப் போச்சு! இருபது வருஷமா வாஷிங் மெஷின் ரிப்பேர் பாக்குறேன். நேர்ல நான் சொன்னா ஆயிரம் கேள்வி. மூஞ்சி தெரியாதவன் சொன்னா உடனே ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிடுறீங்க.

நானும் அப்படி ஒரு குழுவுல இருக்கேன்னு வைங்க... சிரிக்காதீங்க. இங்க முதுகொடிய வேல பாத்தா, ‘இனிமே சத்தம் வராதுல்ல?’ன்னு கேட்டுட்டுக் கதவச் சாத்துவாங்க. அங்க ஒரே வரிதான், ‘அண்ணே, நீங்க தெய்வம்’! மனுசனுக்கு அது எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? அதுலயும் மொத ஆளாப் பதில் போட்டா பேருக்குப் பக்கத்துல மஞ்ச நட்சத்திரம் வேற. அதுக்காகச் சோத்துல ஒரு கை, போன்ல ஒரு கை. எங்க வீட்டு மெஷின் ஆறு வாரமா ஓடல. என் சம்சாரம் சொல்லிச் சொல்லிப் பாத்தா. கடைசியில வேற பேருல குழுவுக்குள்ள வந்து கேட்டா. உடனே பதில் போட்டேன்! ‘நன்றி சார்’னு எழுதிட்டு, அடுக்களைலேர்ந்து வந்து என் முன்னாடி நின்னா பாருங்க... வெக்கக்கேடு.

இருந்தாலும் இப்படியா அரைகுறையா எழுதுறது? யாருக்கா அவன்? காட்டுங்க, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்...

‘நட்டு நண்பன்’...

மஞ்ச நட்சத்திரம்...

அக்கா, வாளி எங்க இருக்கு? நீங்க உக்காருங்க, நானே தொடைக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசிக்கிறேன். அது... அது நான்தான்கா. காலைல நீங்க கேட்டப்ப இன்னொருத்தரும் டைப் பண்ணிக்கிட்டிருந்தாரு. அவர முந்தணும்ல... ‘தண்ணிய வடிச்சிட்டு’ன்னு அடிக்க நேரமில்ல.

பதில இப்பவே திருத்திடுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கீழ நீங்க ‘ரொம்ப நன்றி அண்ணே’ன்னு போட்டிருக்கீங்கல்ல... அத மட்டும் அழிச்சிடாதீங்கக்கா.