ஸ்கொட்லாந்துப் பூட்டனின் குடி

"ஸ்கொட்லாந்துக்காரன் எண்டாலும் அவருக்கும் ஒரு குடி இருக்கும்தானே," என்றாள், தன்னாமுனையில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த பெண். மடியில் தடித்த பைல். எங்கள் பக்கம் குடி என்றால் வம்சம்.

பக்கத்திலிருந்த தோழி சிரித்தாள்.

"சிரிக்காத கா. என்ட பூட்டன் இஞ்ச தென்னந்தோட்டத்துத் துரை. மறுகா அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்றார். அங்க உள்ள அவர்ர ஆக்கள் குடும்பப் பதிவை அனுப்பினாங்க. ஏழு தலைமுறை, எல்லாம் தகப்பன்மார். எங்கட ஆக்கள் அதில இல்லை எண்டும் எழுதியிருந்தாங்க."

"அவர்ர மகள் எண்டு நீங்க சொல்ற உங்கட அம்மம்மாட பிறப்புப் பதிவிலயும் தகப்பன் பேர் இல்லையே."

"எங்களுக்குக் குடி தாய்வழிதானே. அதால பூட்டன்ட தாய்ட பேரைக் கேட்டன். ஏன் எண்டாங்க. விடல்ல, நாலு தரம் எழுதினன். நேற்றுத்தான் பதில் வந்திச்சு. பழைய பைபிள்ர முதல் பக்கத்தில இருந்திச்சாம். எல்ஸ்பெத்."

தோழி சிரிப்பதை நிறுத்தினாள். "அது உங்கட அம்மம்மாட பேர்."

"ஓம். தன்ட தாய்ட பேரைத்தான் இஞ்ச பிறந்த மகளுக்கு வெச்சிருக்கார்."

"அப்ப தேடினது முடிஞ்சிது."

"எங்க முடிஞ்சிது?" தபால் கந்தோரடியில் இறங்க அவள் எழுந்தாள். "எல்ஸ்பெத்தைப் பெத்தவள் ஆர் எண்டு கேட்டு இண்டைக்குக் கடிதம் போடப் போறன்."