ஓட்டைக் குடை

— அந்த ஓட்டைக் குடையை ஆஸ்பத்திரிக்குமா தூக்கிட்டு வருவே? குப்பையில போடுன்னு எத்தனை தடவை சொல்றது!

— கத்தாதீங்க, கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கக் காத்திருக்கறவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கம்பிதானே உடைஞ்சிருக்கு? துணி கல்லு மாதிரி இருக்கு. பை தைச்சுக்கலாம்.

— பழைய சட்டை கரித்துணி ஆச்சு. தலையணை உறை கால்மிதி ஆச்சு. கட்டின புருஷனைத்தான் இன்னும் எதுவாவும் மாத்தல.

— பாத்தேன், எதுக்கும் தேற மாட்டீங்க. சரி, பேச்சை மாத்தாதீங்க. நேத்து டாக்டரம்மா குடுத்த புது மாத்திரையை எடுத்துக்கட்டுமா, வேண்டாமா? கரண்டோட சேத்து எடுத்தா கட்டி நல்லா கரையலாம்னாங்க. காலம்பூரா லேப்ல கட்டியைத்தானே பாத்துக்கிட்டிருக்கீங்க, வாயைத் தொறங்க.

— கேளேன் கொஞ்சம். உன் கழுத்துக் கட்டியில இருக்கற ஒவ்வொரு செல்லும் உன்னை மாதிரிதான்.

— ஐயோ, அவ்வளவு அழகா?

— அவ்வளவு கஞ்சம். கரண்ட் பட்டு உள்ள ஏதாவது உடைஞ்சா வெளியே தூக்கிப் போடாது. உடைஞ்சதைத் தானே தின்னு செரிச்சு, அந்தத் தெம்புலேயே மறுபடி எழுந்து உக்காந்துக்கும்.

— பரவாயில்லையே, குடும்பம் நடத்தத் தெரிஞ்ச செல்லு!

— அந்த மாத்திரை, அதைத் தின்ன விடாம தடுக்கும். உடைசலெல்லாம் உள்ளேயே குவிஞ்சு, செல்லு மூச்சு முட்டிச் செத்துடும்.

— நல்லதுதானே? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— சில செல்லு நேர்மாறு. தன்னைத் தின்னு தின்னே செத்துப்போகும். அதைப் போய்த் தடுத்தா, சாக இருந்ததை நாமளே பிழைக்க வச்ச மாதிரி ஆயிடும். உன்னோடது எந்த ரகம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

— கட்டிக்கிட்ட ஆளு எந்த ரகம்னு தெரிஞ்சா குடும்பம் நடத்த வந்தேன்?

— விளையாடாதே. மாத்திரை வேண்டாம். கரண்ட் மட்டும் போதும்.

— ஏங்க, அந்த மாத்திரையே உங்க லேப்ல பொறந்ததாமே? டாக்டரம்மா சொன்னாங்க. எங்கிட்ட மூச்சு விடல நீங்க.

— அது வந்து...

— ஊருக்கெல்லாம் குடுத்துப் பாக்கலாம்னு சொன்னவரு, பொண்டாட்டிக்கு மட்டும் வேண்டாங்கறீங்க.

— ஆமா, சொன்னேன். வேற யாருக்காவது தப்பாப் போனா வருத்தப்படுவேன், மறுநாள் லேபுக்குப் போயிடுவேன். நீ போயிட்டா நான் எங்கடி போவேன்? பயமா இருக்கு எனக்கு.

— அட போங்க! இத்தனை வருஷத்துல இப்பதான் உருப்படியா ஒரு வார்த்தை வந்திருக்கு. இதையும் தூக்கிப் போடாம வச்சுக்கறேன்.

— இப்ப கூப்பிட்டுடுவாங்க. மாத்திரை வேண்டாம்னு நானே போய்ச் சொல்லிடறேன்.

— உக்காருங்க. காலையில தலைவலி மாத்திரைன்னு சொல்லி, உங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சேன்ல?

— ஆமா. அதுக்கென்ன?

— எனக்கு ஏதுங்க தலைவலி!