மரங்கொத்திக்கு மரணப் பத்திரம்

சுவிட்சர்லாந்தில், துன்னிலிருந்து இன்டர்லாக்கன் செல்லும் காலை ரயிலில், ஹோட்டல் சமையலறையில் பணிபுரியும் இலங்கைத் தமிழர் இருவர் என் எதிரே அமர்ந்திருந்தனர். இளையவர் கைப்பேசியில் செய்தி வாசித்தார்.

“அண்ணை, அமெரிக்காவிலை ஒரு மரங்கொத்தியாம். அழிஞ்சுபோச்சோ, இருக்குதோ எண்டு இன்னும் சண்டை.”

“ஆரும் கண்டவையோ?”

“மங்கலான வீடியோ ஒண்டு இருக்காம்.”

“அதைவிட நல்ல ஆதாரம் குடுத்தும் என்ர அகதி வழக்கைத் தள்ளினவங்கள். குருவி செத்திட்டுது, விடு.”

“அப்ப, சண்டையிலை காணாமற்போன உங்கட தம்பியின்ர மரணப் பத்திரத்துக்கு மட்டும் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை?”

மூத்தவர் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தார்.

“அவன் என்ன மரங்கொத்தியோ? சொந்த வீட்டுக் கதவைத் தட்டவே கூச்சப்படுகிறவன். சத்தம் கேக்கேல்லை எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?”