பதினொரு பக்கங்கள் மிச்சம்

பழைய புத்தகக் கடை நடத்துகிறவர்களுக்குத் தூசி பழகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழகாது. முப்பத்தொரு வருஷம் தும்மியவள் சொல்கிறேன்.

இதை எழுதச் சொன்னது என் நாத்தனார். வருகிற மாதக் கூட்டத்தோடு என் கணவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. "அண்ணி, அண்ணனைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க. நானே வாசிச்சுடறேன். நீங்க வாசிச்சா அழுதுடுவீங்க" என்றாள். அழ மாட்டேன். ஆனால் ஆசைப்படுகிறாள், வாசிக்கட்டும். கடைசித் தாளை முன்கூட்டியே புரட்டக்கூடாது என்று மட்டும் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அண்ணனின் தங்கையாயிற்றே.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணி, கடை நடுவில் பதினான்கு நாற்காலிகள். கணக்கு வாத்தியார் முதல் ஆளாக வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பார். பல் டாக்டரம்மா எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். பதிலுக்கு யாரும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டார்கள். குறட்டைக்காரர் ஐந்தாவது நிமிஷம் தன் கச்சேரியைத் தொடங்குவார். என் கணவர் ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து அந்த மாதத்துப் புத்தகத்தை எடுத்து ஆட்டிக் காட்டி, கொலை செய்தது யார் என்று அங்கிருந்தே அறிவிப்பார். நீங்கள் கைதட்டுவீர்கள். "இனிமே நிம்மதியா படிக்கலாம் பாருங்க" என்பார். மறுபடி கைதட்டுவீர்கள்.

நீங்கள் மாதம் ஒரு முறை கேட்டீர்கள். நான் வீட்டோடு இருந்தவள்.

கல்யாணமான நான்காம் நாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். நான் ஒரு துப்பறியும் கதை படித்துக்கொண்டிருந்தேன். புது மாப்பிள்ளை தோளோடு தோள் உரச நெருங்கி வந்தார். ஏதோ கொஞ்சப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "தங்கச்சிதான் விஷம் வெச்சா" என்றார். இறங்கும் ஊர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கொலைக் கதை எது கடைக்கு வந்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் பென்சிலால் கொலையாளியின் பெயரை எழுதிவைப்பது அவர் வழக்கம். ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "உங்க நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார், ஒரு நன்றி உண்டா?" என்று இவர் கேட்டார். நான் ரப்பரால் அழித்துப் பார்த்தேன். அழுத்தி எழுதுகிறவர் அவர். எழுத்து போனாலும் தடம் போகாது.

அதனால்தான் படித்த பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் பழக்கமே என்னிடம் இல்லாமல் போனது. அடையாளம் இருந்தால் எதுவரைக்கும் வந்திருக்கிறேன் என்று பார்த்து, மிச்சத்தைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிடுவார். பக்க எண்ணை மனதிலேயே வைத்துக்கொள்வேன். டாக்டரம்மா இதைச் சொல்லி எத்தனை முறை கேலி செய்திருக்கிறார். ஒரு நாளும் நான் தப்பாகச் சொன்னதில்லை.

ஏணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் ஐந்தாம் படி விரிசல் விட்டுப் பல வருஷமாகிறது. மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஏணிக்குச் சொந்தக்காரன் நான், என் காலுக்குத் தெரியும்" என்பார். அந்தப் படியில் ஒரு சிவப்பு நாடாவைச் சுற்றிக் கட்டியிருந்தார். வெறுங்காலோடு, கீழே பார்க்காமல், படியை எண்ணாமல், பேசிக்கொண்டே ஏறுவார். ஒவ்வொரு படியையும் கால் கட்டைவிரலால் தடவுவார். நாடா தட்டுப்பட்டால் அதை விட்டு அடுத்ததில் கால் வைப்பார். நாற்காலியிலிருந்து பார்க்க அது ஒரு நடனம் மாதிரி இருக்கும்.

போன வருஷம் யாரோ வீடு காலி செய்து போட்ட புத்தகக் கட்டுக்குள் அட்டை இல்லாத புத்தகம் ஒன்று வந்தது. தலைப்பும் இல்லை, முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. பெயர் எழுத இடமே இல்லாத கொலைக் கதை. அவர் கண்ணில் படுவதற்குள் எடுத்து, துணி ஊறவைக்கும் வாளிக்குப் பின்னால் வைத்தேன். அந்தப் பக்கம் அவர் பிறந்ததிலிருந்து போனதில்லை. ஒன்பது நாள் துணி துவைக்கும் நேரத்தில் படித்தேன். வீட்டில் அழுக்குத் துணியே மிஞ்சவில்லை. மனுஷி அவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் கூட்டம் என்பதால் மதியமே கடையைச் சாத்திவிட்டோம். நான் கல்லாவில் உட்கார்ந்து, கணக்கு நோட்டுக்குள் மறைத்து இருநூற்று இருபதாம் பக்கம் வரை வந்துவிட்டேன். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. அவர் மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏணியில் ஏறினார். உலர்ந்த சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம்.

இரும்பு அலமாரியின் முனையில் தலை பட்டிருந்தது. நினைவு இருந்தது. "எழுந்திரிக்க முடியலடி. போன் பண்ணு" என்றார். போன் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குரல் தெளிவாக வந்தது. குரல் தெளிவாக வருகிறவருக்கு அப்படியொன்றும் அவசரம் இருக்காது என்று நினைத்தேன். பதினொரு பக்கங்கள்தான் மிச்சம்.

நடுவில் ஒரே ஒரு முறை எழுந்தேன். கீழ்த்தட்டில் சமையல் புத்தகங்கள் இருந்தன. ஈரம் அதுவரை வந்துகொண்டிருந்தது. அவற்றை எடுத்து மேலே வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

"என்னடி படிக்கிற?" என்றார். ஒளித்துப் பிரயோஜனம் இல்லை, தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எந்த நிலையிலும் தன் தொழிலை விடாத மனிதர். "அதுவா... அட்டை இல்லாட்டி எனக்குத் தெரியாதா... மருந்துக் கடைக்காரன்டி" என்றார்.

நாத்தனாரே, இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள். இன்னும் ஒரு தாள்தான்.

நான் நிதானமாகப் படிக்கிறவள். ஒரு வரியையும் விடவில்லை. கொன்றது யார் என்று இங்கே எழுத மாட்டேன். உங்களில் யாராவது படிக்கக்கூடும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். மருந்துக் கடைக்காரன் இல்லை. அதுவரைக்கும் சொல்லலாம். அவர் வேறு ஏதோ கதையோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக ஒரு முடிவு எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருந்தது. சொல்லலாம் என்று ஆசையோடு திரும்பினேன். "என்னங்க" என்றேன். இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு போன் செய்தேன்.

அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முன்னால் கூப்பிட்டிருந்தால் அந்த முடிவையும் அவர் சொன்னபடியே நம்பியிருப்பேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் படிக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை.

மற்றபடி ஏணிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போன வாரம் நாத்தனார் அலமாரியைத் துடைக்கும்போது அந்த அட்டையில்லாத புத்தகத்தைக் கையில் எடுத்தாள். உள்ளேயிருந்து சிவப்பு நாடா தொங்கியது. "அண்ணி, இது ஏணில கட்டியிருந்தது இல்ல? இதுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமை காலை நான் ஏணிப் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கம் மறந்துபோகுமே என்று, கைக்குக் கிடைத்த நாடாவை அவிழ்த்து உள்ளே வைத்தேன். நல்ல இறுக்கமான முடிச்சு; அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடையாளத்துக்காகத்தான் எடுத்தேன், வேறு எதற்கும் இல்லை.

நூற்று எண்பத்தெட்டாம் பக்கம். புத்தகத்தைத் திறக்காமலே சொல்கிறேன், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.